எந்த ஊர், எத்தனை வருடம்: விளம்பர மேலாளரின் சம்பளக் கணக்கு

விளம்பரத் துறையில் ஏழு வருடம் வேலை பார்த்தவருக்கு என்ன சம்பளம் என்று யாராவது கேட்டால், ஒரே தொகையாகச் சொல்லிவிட முடியாது. சென்னையில் ஓர் ஏஜென்சியின் கிளையில் அக்கவுண்ட் மேனேஜராக இருப்பவர் ஒன்று வாங்குவார். அதே ஏஜென்சியின் மும்பை அலுவலகத்தில் அதே பதவியில் இருப்பவர் வேறொன்று வாங்குவார். பெங்களூரில் ஏதாவது ஒரு செயலி நிறுவனத்தின் விளம்பரச் செலவைக் கவனிப்பவர், வயதில் இளையவராக இருந்தும், இருவரையும் தாண்டியிருப்பார். மதுரையில் ஒரு நகைக்கடையின் விளம்பரம் முழுவதையும் ஒற்றை ஆளாகச் சுமப்பவருக்கு விசிட்டிங் கார்டில் போட ஒரு பதவிப் பெயர்கூட இருக்காது. ஆனால் பத்திரிகைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும், ஹோர்டிங் எந்த முக்கில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான்.

இந்த வித்தியாசங்களை ஊர், அனுபவம் என்று இரண்டே சொல்லில் அடக்கிவிடுவது வழக்கம். அடியில் இருக்கும் கணக்கு வேறு. விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிப்பது என்ற முடிவு எந்த ஊரில் எடுக்கப்படுகிறதோ, அந்த ஊரில் சம்பளம் ஏறுகிறது. அந்த முடிவை எடுக்கும் மேசைக்கு நீங்கள் எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களோ, அவ்வளவுக்கு உங்கள் அனுபவத்துக்கு விலை கிடைக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள்.

யாருடைய பணத்தில் சம்பளம்?

ஊரைப் பார்ப்பதற்கு முன் நாற்காலியைப் பாருங்கள். விளம்பர மேலாளர் என்று சொல்லிக்கொள்பவர்கள் மூன்று இடங்களில் இருக்கிறார்கள்: ஏஜென்சியில், பொருளை விற்கும் நிறுவனத்தில், விளம்பரத்துக்கு இடம் விற்கும் பத்திரிகை, டி.வி., எஃப்.எம். போன்ற ஊடகத்தில். ஒரே தெருவில் இந்த மூன்று பேரும் இருந்தாலும் சம்பளம் வெவ்வேறு ஊற்றிலிருந்து வருகிறது.

ஏஜென்சிக்காரரின் சம்பளம் வாடிக்கையாளர் கொடுக்கும் கட்டணத்திலிருந்து வருகிறது. முன்பெல்லாம் 15 சதவீதக் கமிஷன்தான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. ஒரு கோடி ரூபாய்க்கு விளம்பரம் வெளியிட்டால் 15 லட்சம் ஏஜென்சிக்கு. இந்திய நியூஸ்பேப்பர் சொசைட்டியின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிகளுக்கு அச்சு ஊடகத்தில் இந்தக் கமிஷன் இன்றும் பழக்கத்தில் இருக்கிறது. மற்றபடி, மீடியா வாங்கும் வேலை தனி ஏஜென்சிகளுக்குப் போன பிறகு, விளம்பரத்தை உருவாக்கும் ஏஜென்சிகள் பெரும்பாலும் மாத ரிடெய்னருக்கு வந்துவிட்டன. எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டு ஒரு தொகை பேசுவார்கள். அந்தத் தொகையில் பாதிக்கு மேல் சம்பளத்துக்கே போய்விடும். ஆகவே நீங்கள் பார்க்கும் வாடிக்கையாளர் மாதம் 6 லட்சம் கொடுக்கிறார், அதில் உங்களோடு ஐந்து பேர் உழைக்கிறீர்கள் என்றால், உங்கள் சம்பளத்துக்கான உச்சவரம்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. உங்கள் மேலதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த வரம்புக்கு மேல் தர அவரிடம் பணம் இல்லை. பல வருடம் ஏஜென்சியில் இருந்தும், தான் கவனிக்கும் அக்கவுண்டின் ரிடெய்னர் எவ்வளவு என்று தெரியாதவர்கள் நிறையப் பேர். அது தெரியாமல் அப்ரைசலுக்குப் போவது வீண்.

நிறுவனத்தின் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வரம்பு இல்லை. அவர் சம்பளம் பொருள் விற்ற லாபத்திலிருந்து வருகிறது. விளம்பரத்தோடு விலை, விநியோகம், புதுப் பொருள் என்று பொறுப்பும் விரிந்திருக்கிறது. இந்தப் பொறுப்புக்கு என்ன மதிப்பு என்பதற்கு இந்தியாவில் அதிகாரப்பூர்வமான தனிக் கணக்கு கைவசம் இல்லாவிட்டாலும், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் கணக்கு உதவும். 2024 மே மாத நிலவரப்படி விளம்பர, விற்பனை ஊக்குவிப்பு மேலாளர்களின் நடு ஊதியம் ஆண்டுக்கு 1,26,960 டாலர்; மார்க்கெட்டிங் மேலாளர்களுக்கு 1,61,030 டாலர். நாடு ஒன்றே, துறையும் ஏறக்குறைய ஒன்றே. இடைவெளி சுமார் 34,000 டாலர். நம் ஊரிலும் ஏஜென்சியில் நாலைந்து வருடம் பழகியவர்கள் கிளையண்ட் பக்கம் தாவுவது இந்த இடைவெளியைத் தாண்டத்தான்.

ஊடகத்தில் இடம் விற்பவருக்கு அடிப்படைச் சம்பளம் சுமாராக இருக்கும். டார்கெட்டை எட்டினால் இன்சென்டிவ். விற்றால் மட்டும் போதாது, பணம் வசூலாக வேண்டும். தீபாவளிக்கு முழுப்பக்க விளம்பரம் பிடித்துக் கொடுத்தவருக்கு, கடைக்காரர் பொங்கல் வரை பணம் தராமல் இழுத்தால் இன்சென்டிவும் பொங்கல் வரை இழுக்கும். ஆஃபரைப் படிக்கும்போது இன்சென்டிவ் பில் போட்ட தேதியிலா, பணம் வந்த தேதியிலா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஊர்கள்

மும்பை மேலே நிற்பதற்குக் காரணம் கடற்கரையோ சினிமாவோ அல்ல. இந்துஸ்தான் யூனிலீவர், ஏஷியன் பெயின்ட்ஸ், கோத்ரெஜ், மாரிகோ என்று கோடிக்கணக்கில் விளம்பரத்துக்குச் செலவழிக்கும் நிறுவனங்களின் தலைமை அலுவலகம் அங்கே இருக்கிறது. பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுபவர் அங்கே. அவரைத் தினமும் சந்திக்க வேண்டிய ஏஜென்சித் தலைவர்களும் அங்கே. டெல்லி வட்டாரத்துக்கும் இதே விதி. நெஸ்லே, பெப்சிகோ குருகிராமில். மாருதி சுசுகி டெல்லியில். கார், குளிர்பானம், உணவு விளம்பரத்தில் வளர நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போவது இதனால்தான்.

பெங்களூர் வேறு ரகம். டைட்டன் போன்ற பழைய பெயர்கள் ஒருபுறம், ஃபிளிப்கார்ட், ஸ்விக்கி போன்றவை மறுபுறம். இங்கே சம்பளம் ஏறியதற்குப் பெரிய காரணம் டிஜிட்டல் விளம்பரம். கூகுள், மெட்டா தளங்களில் தினசரி செலவைக் கவனித்து, ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர எவ்வளவு ஆனது என்பதை அன்று மாலையே காட்டத் தெரிந்தவருக்கு, தான் உண்டாக்கும் பலனைச் சுட்டிக்காட்டிச் சம்பளம் கேட்க முடிகிறது. அச்சு விளம்பரத்தில் எட்டு வருடம் கழித்தவரை நாலு வருட அனுபவக்காரர் தாண்டிப் போவதைப் பெங்களூரில் சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம். ஸ்டார்ட்அப்கள் சம்பளத்தோடு பங்குரிமையும் கொடுக்கும். சட்டப்படி அது உங்கள் கைக்கு வரத் தொடங்கவே குறைந்தது ஒரு வருடம் ஆக வேண்டும்; பங்காக மாற்றிக்கொள்ளும்போது வரியும் உண்டு. அதைச் சம்பளத்தோடு கூட்டிக் காட்டும் ஆஃபரில், அந்தப் பங்குரிமைத் தொகையை அடித்துவிட்டு மீதியை மட்டும் பாருங்கள்.

சென்னையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். சென்னையில் விளம்பர வேலைக்குச் சம்பளம் குறைவு என்பது பாதி உண்மை. பன்னாட்டு ஏஜென்சிகளின் சென்னைக் கிளைகள் பொதுவாகச் சிறியவை. மேல் நாற்காலிகள் மும்பையிலும் குருகிராமிலும் இருக்கின்றன. அந்தக் கிளைகளில் பத்து வருடத்துக்குப் பிறகு ஏற ஏணி இல்லாமல் போகும். அதே சமயம் 1973-இல் சென்னையில் தொடங்கிய ஆர்.கே. சுவாமி நாடு முழுக்க வளர்ந்து 2024-இல் பங்குச் சந்தைக்கும் வந்திருக்கிறது. கெவின்கேர், ஹட்சன், டி.வி.எஸ். மோட்டார் போன்றவற்றின் விளம்பர முடிவுகள் இங்கேயே எடுக்கப்படுகின்றன. இவற்றை எல்லாம் விடச் சென்னைக்கே உரிய பெரிய வாடிக்கையாளர்கள் ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும்.

ஆடித் தள்ளுபடிக்கு முந்தைய வாரம் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடிக்குப் போனால் இந்த வேலையின் உண்மையான முகம் தெரியும். இரவு ஒன்பது மணி. மறுநாள் காலை தினசரியின் முழுப்பக்கம். முதலாளி லேஅவுட்டை பில் கவுண்ட்டர் மேல் விரித்துவைத்து, பட்டுப்புடவைப் படத்தைப் பெரிதாக்கச் சொல்கிறார். அவர் மகன் விலை பெரிதாகத் தெரிய வேண்டும் என்கிறார். பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். ‘அண்ணாச்சி, படம் பெரிசானா விலை கீழே போயிடும். ஜனங்க பஸ்ல மடிச்சு வச்சுப் படிக்கிற பக்கம், மேல் பாதியில விலை இருக்கணும்’ என்று அக்கவுண்ட் மேனேஜர் சொல்கிறார். முதலாளி ஒரு நிமிடம் யோசித்து, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடுகிறார். மும்பையில் ஐந்து கூட்டம் போட்டு எடுக்கும் முடிவு இங்கே ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அந்த மேனேஜர் முடிவெடுக்கும் மேசைக்கு நேர் எதிரே நிற்கிறார். இவருடைய மதிப்பு ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் தெரியாது. ஆனால் அவர் வேறு ஏஜென்சிக்குப் போனால் கடை முதலாளியும் கூடவே போவார் என்பது இரண்டு ஏஜென்சிக்கும் தெரியும். சென்னையில் நல்ல சம்பளம் வாங்கும் விளம்பர மேலாளர்கள் பலரும் இப்படிப்பட்ட நம்பிக்கையை வைத்துத்தான் வாங்குகிறார்கள்.

தமிழில் ஒரு வாசகம் நிற்குமா விழுமா என்று காதால் கேட்டே சொல்லத் தெரிந்தவருக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. இந்தியில் யோசித்த விளம்பரத்தைத் தமிழகத்துக்குப் பொருந்தச் செய்ய மும்பை நிறுவனங்களுக்கு ஆள் வேண்டும். தென்னிந்தியச் சந்தைக்குப் பொறுப்பாளர் என்ற வேலையைச் சென்னையில் இருந்துகொண்டே மும்பைச் சம்பள அட்டவணையில் பெற்றவர்கள் உண்டு. இப்படி ஓர் ஆஃபர் வந்தால், சம்பளம் எந்த ஊர் அட்டவணைப்படி என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால், இருக்கும் ஊரின் விலைவாசியைத்தான் காட்டுவார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு, மதுரை பக்கம் சம்பளத் தொகை சிறியதாக இருந்தாலும் அலட்சியம் செய்ய வேண்டாம். திருப்பூரில் ராம்ராஜ் காட்டன், ஈரோட்டில் சக்தி மசாலா, மதுரையில் தங்கமயில் என்று சொந்த ஊரை விட்டு நகராமல் ஊர் தாண்டி விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. குடும்ப நிறுவனத்தில் பதவி உயர்வுக்கு அட்டவணை கிடையாது. முதலாளியின் நம்பிக்கை கிடைத்தால் முப்பது வயதிலேயே முழுப் பட்ஜெட்டும் கைக்கு வரும். கிடைக்காவிட்டால் பத்து வருடமும் டிசைனருக்கும் அச்சகத்துக்கும் இடையே ஓட வேண்டியதுதான்.

வருடங்களுக்கு எப்போது விலை?

முதல் மூன்று வருடத்தில் ஊர் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எல்லா ஊரிலும் புதியவர்களுக்கு ஏஜென்சிகள் குறைவாகவே தருகின்றன. பெரிய பிரிவினை, எங்கிருந்து வந்தீர்கள் என்பதில் வருகிறது. அகமதாபாதின் மைக்கா போன்ற கல்வி நிறுவனத்திலிருந்து வளாகத் தேர்வில் வந்தவரும், விஸ்காம் முடித்து விண்ணப்பம் போட்டு வந்தவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேறு வேறு சம்பளத்தில் இருப்பார்கள். இது வருத்தமான விஷயம்தான். வேலையைக் காட்டி இந்த வித்தியாசத்தைக் குறைக்க வாய்ப்புள்ள காலம் அடுத்த ஐந்து வருடம்.

நான்காவது வருடத்திலிருந்து எட்டாவது வருடம் வரையிலான காலத்தில்தான் ஊர் உங்கள் சம்பளத்தை அதிகம் அசைக்கிறது. புது வாடிக்கையாளரைப் பிடிக்கும் ஒரு பிட்ச்சை முன்நின்று ஜெயித்தீர்களா, இழக்கவிருந்த வாடிக்கையாளரை நிறுத்தி வைத்தீர்களா என்பதற்குச் சந்தையில் விலை உண்டு. அந்த வாய்ப்புகள் பெரிய ஊரில் அடிக்கடி வரும். ஊர் மாறுவதானால் இந்தக் கட்டத்தில் மாறுவதே நல்லது. பிள்ளைகளின் பள்ளி, பெற்றோரின் உடல்நிலை எல்லாம் கணக்கில் வருமுன் எடுக்கும் முடிவு எளிது என்பதும் ஒரு காரணம்.

பத்து வருடத்துக்குப் பிறகு அனுபவம் தானாகச் சம்பளத்தை ஏற்றாது. அதுவரை அக்கவுண்டை நடத்தியதற்குச் சம்பளம். இனி வரவு செலவுக்குப் பொறுப்பேற்பதற்குச் சம்பளம். கிளையின் லாபம், ஆட்களின் செலவு, புது வியாபாரம் மூன்றையும் பேசத் தெரியாத பதினைந்து வருட அனுபவத்தை, எட்டு வருட அனுபவத்தின் விலைக்கே சந்தை எடுத்துக்கொள்கிறது. அதோடு மேல் நாற்காலிகளும் குறைந்து வருகின்றன. 2025 நவம்பரில் ஆம்னிகாம் விளம்பரக் குழுமம் இன்டர்பப்ளிக் விளம்பரக் குழுமத்தை வாங்கி முடித்தது, தொடர்ந்து டி.டி.பி., எஃப்.சி.பி., மல்லன்லோ ஆகிய உலக ஏஜென்சிப் பெயர்களைக் கலைக்கும் அறிவிப்பும் வந்தது. இரண்டு ஏஜென்சி ஒன்றானால் ஒரே ஊரில் இரண்டு கிளைத் தலைவர்கள் தேவைப்பட மாட்டார்கள். மூத்தவர்கள் சம்பளத்தைப் போலவே, வேலையை விட்டு அனுப்பினால் எத்தனை மாத ஊதியம் தருவார்கள் என்பதையும் ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்க வேண்டிய காலம் இது.

ஆஃபர் லெட்டரைப் பிரித்துப் படியுங்கள்

ஊர் மாற அழைப்பு வந்தால் சி.டி.சி. (நிறுவனத்துக்கு உங்களால் ஆகும் மொத்த ஆண்டுச் செலவு) தொகைகளை ஒப்பிடாதீர்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். சென்னையில் 12 லட்சம், மும்பையில் 15 லட்சம். இரண்டிலும் பேசிக் பாதி, வேரியபிள் பே பத்து சதவீதம், மருத்துவக் காப்பீட்டுக்கு 15,000 என்று வைத்துக்கொள்வோம்.

சென்னை ஆஃபரில் பேசிக் ஆண்டுக்கு 6 லட்சம். நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 72,000; கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 28,860; வேரியபிள் 1,20,000; காப்பீடு 15,000. இவற்றைக் கழித்தால் 9,64,140. மாதத்துக்கு 80,345. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 6,000-மும் தொழில் வரியும் போனால் கையில் சுமார் 74,100. வேரியபிள் முழுதாக வந்தாலும், 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 75,000 நிலைக் கழிவு போக வருமானம் 12 லட்சத்துக்குள் அடங்குவதால் வருமான வரி இல்லை.

மும்பை ஆஃபரில் இதே கணக்கைப் போட்டால் மாதம் 1,00,744 வரும். பி.எஃப். 7,500. வேரியபிளும் முழுதாக வந்தால் வருமானம் 12 லட்சத்தைத் தாண்டிவிடுவதால் வரித் தள்ளுபடி போய்விடுகிறது; ஆண்டு வரி செஸ்ஸோடு சுமார் 75,500, மாதம் 6,300. தொழில் வரியும் போகக் கையில் சுமார் 86,700.

ஆண்டுக்கு 3 லட்சம் என்று பேசப்பட்ட உயர்வு, மாதம் 12,600 ரூபாயாகக் கைக்கு வருகிறது. அந்தேரியில் ஒரு படுக்கையறை வீடு எடுத்தால், வேளச்சேரி வாடகையோடு ஒப்பிடும்போது இந்த 12,600 வாடகை வித்தியாசத்துக்கே காணாது. அதற்காகப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. மும்பையில் கிடைக்கும் அக்கவுண்ட் மூன்று வருடத்தில் உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்காகப் போகலாம். மாதச் சேமிப்பு கூடும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியவை சில. பி.எஃப்.-ஐச் சில நிறுவனங்கள் சட்ட வரம்பான 15,000 பேசிக்குக் கணக்கிட்டு மாதம் 1,800 மட்டும் கட்டும்; அப்போது கையில் வருவது கூடும், ஓய்வுக்காலச் சேமிப்பு குறையும். இரண்டு ஆஃபரிலும் பி.எஃப். ஒரே முறையில் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிராஜுவிட்டி என்று சி.டி.சி.யில் காட்டும் தொகை, நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் முடிந்தால்தான் கைக்கு வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும் விளம்பரத் துறையில் பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை. மேலே சொன்ன 50,000 ரூபாய் மாத பேசிக்கில் ஐந்து வருடம் இருந்தவருக்கு அது சுமார் 1,44,000 ரூபாய். நாலரை வருடத்தில் வேலை மாறுபவர் இந்தத் தொகையைப் புது நிறுவனத்தில் சேரும் போனஸாகக் கேட்கலாம். நியாயமான கோரிக்கை, கொடுக்கவும் செய்கிறார்கள்.

தொழில் வரி ஊருக்கு ஊர் மாறும் சின்னத் தொகை. எங்கேயும் ஆண்டுக்கு 2,500-ஐத் தாண்டாது. டெல்லியிலும் ஹரியானாவிலும் அறவே கிடையாது. இதற்காக மெனக்கெட வேண்டாம்.

வேரியபிள் பே அப்படியல்ல. அது கிளையின் இலக்கைப் பொறுத்தா, நிறுவனம் முழுவதன் இலக்கைப் பொறுத்தா, உங்கள் அக்கவுண்டைப் பொறுத்தா? சென்னைக் கிளை இலக்கை எட்டியும், மும்பையில் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் போய்விட்டதால் எல்லாருக்கும் பாதிதான் என்று அறிவிக்கும் ஏஜென்சிகள் உண்டு. கடந்த மூன்று வருடம் இந்தப் பதவியில் இருந்தவர்களுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள் என்று எச்.ஆரிடம் நேராகக் கேளுங்கள். பதில் வராவிட்டால், வேரியபிளை உங்கள் கணக்கில் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல் தாண்டினால்

துபாயில் சம்பளத்துக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. பணி முடிவில், முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக்கும், அதன் பிறகு வருடத்துக்கு 30 நாள் பேசிக்கும் தர வேண்டும் என்பது சட்டம். ஆகவே அங்கே மொத்தச் சம்பளத்தைப் போலவே பேசிக் எவ்வளவு என்பதும் முக்கியம். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் நிறுவனம் தருகிறதா என்பது அதைவிட முக்கியம்.

சிங்கப்பூரில் அனுபவத்துக்கும் சம்பளத்துக்கும் அரசே முடிச்சுப் போட்டிருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெற, 2025 ஜனவரி முதல், நிதித்துறை அல்லாத வேலைகளுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் டாலர். வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறி, 45 வயதுக்காரருக்கு 10,700 ஆகிறது. நாற்பதைத் தாண்டிய பிறகு அங்கே நடுத்தரப் பதவிக்கு முயல்வது கடினம் என்பதற்கு இதுவே காரணம். போக விரும்பினால் முப்பதுகளின் தொடக்கத்தில் முயலுங்கள்.

பேசும்போது

இப்போதைய சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, அதில் முப்பது சதவீதம் கூட்டித் தருவதாகச் சொல்வது எச்.ஆரின் பழக்கம். இதை ஒப்புக்கொண்டால், சின்ன ஊரில் குறைவாகத் தொடங்கியவர் எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் குறைவைச் சுமந்துகொண்டே போவார். தமிழகத்தின் இரண்டாம் நிலை ஊர்களிலிருந்து கிளம்பும் திறமைசாலிகளுக்கு நடக்கும் பெரிய அநியாயம் இதுதான். பழைய சம்பளத்தைப் பொய்யாகக் கூட்டிச் சொல்லாதீர்கள். பே ஸ்லிப் கேட்பார்கள், மாட்டிக்கொள்வீர்கள். பேச்சை உங்கள் பொறுப்பின் பக்கம் திருப்புங்கள். ‘இந்த அக்கவுண்டுக்கு வருடம் இவ்வளவு பில்லிங், மாதம் இவ்வளவு ரிடெய்னர், என்னோடு இத்தனை பேர், இரண்டு வருடத்தில் ரிடெய்னர் இவ்வளவு கூடியது’ என்று நான்கு எண்களைச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் ரகசியமான தொகையை அப்படியே உடைக்காமல், எந்த அளவு என்று குறிப்பாகச் சொன்னாலே போதும். அதன் பிறகு, அந்த ஊரில் இதே பொறுப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பட்ஜெட் என்ன என்று கேளுங்கள்.

நோட்டீஸ் பீரியடையும் மறக்க வேண்டாம். மூன்று மாத நோட்டீஸ் உள்ளவரை ஒரு மாதத்தில் வரச் சொன்னால், மீதி இரண்டு மாதத்துக்கான தொகையை யார் கட்டுவது என்பது முடிவாகாமல் ராஜினாமா கொடுக்காதீர்கள். ஜவுளி, நகை வாடிக்கையாளர்களைப் பார்ப்பவராக இருந்தால் ஆடி முடியட்டும், தீபாவளி முடியட்டும் என்று பழைய இடத்தில் கேட்பார்கள். அதற்கு இசைந்து, புது இடத்தில் சேரும் தேதியை அதற்கேற்ப எழுதி வாங்குங்கள். அந்தக் கடை முதலாளியை அடுத்த வருடமும் நீங்கள் சந்திக்க வேண்டியிருக்கும்.